பதினான்காம் எண் கடிதம்

டிங்கர் மேஸ்திரிக்குக் கை ராசி உண்டு, கையெழுத்து ராசி கிடையாது. இடிபட்டு நசுங்கிய கதவு எதுவானாலும் உள்ளிருந்து தட்டித் தட்டிச் சமமாக்கிவிடுவார். தகட்டின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினால் போதும், கண்ணுக்குப் படாத மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று அந்தக் கை சொல்லிவிடும். அதே கையில் பேனாவைக் கொடுத்தால், மைக்கூட்டில் விழுந்து எழுந்த பூச்சி தாளில் நடைபழகிய மாதிரி இருக்கும். அதனால் அந்த வீட்டில் கடிதம் எழுதுகிற வேலை கல்யாணமான நாளிலிருந்தே மனைவியுடையது.

அவள் அதற்கென்றே பிறந்தவள் என்றும் சொல்லலாம். ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் தபால் பிரிவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். வருகிற தபாலுக்கு ஓர் எண், போகிற தபாலுக்கு ஓர் எண், எழுதியது எதுவானாலும் ஒரு கார்பன் நகல். எண் போடாத தாளைக் கண்டால், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையைக் கண்ட மாதிரி அவளுக்குக் கை பரபரக்கும். அலுவலகத்தில் அவளுக்கு ‘நம்பர் அக்கா’ என்று பெயர். அக்கா வீட்டில் கொசுவைக்கூட நம்பர் போட்டுத்தான் அடிப்பார்கள் என்று கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்க் கடிதம் எழுதினாள். அதற்கும் எண் போட்டாள். கதை அதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மேஸ்திரி ஒரு பழைய காரை வாங்கி வந்தார். மங்கிய பச்சை நிறம், முன்னால் இரண்டு உருண்டைக் கண், எதற்கோ உதட்டைச் சுழித்த மாதிரி ஒரு பம்பர். ஒரு ஸ்டூடியோக்காரரின் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கயிறு கட்டி இழுத்து வந்து, எட்டு மாதம் தட்டி, தேய்த்து, பூசி, ஓட வைத்தார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு, காருக்கு ஐம்பத்திரண்டு. மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்று அவள் முதல் நாள் சொன்னது விளையாட்டுக்குத்தான். போகப் போக விளையாட்டு கசந்தது.

மகன் படிப்புக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் மேஸ்திரி பட்டறையிலிருந்து வந்தால் நேரே கார் நிற்கிற கொட்டகைக்குத்தான் போவார். அவள் காய்ச்சலில் படுத்தபோது, “மாத்திரை போட்டியா?” என்று வாசற்படியில் நின்று கேட்டவர், கார் லேசாக இருமினால் பானெட்டில் காதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார். முன் இருக்கை இரண்டுக்கும் தொழிற்சாலையில் போட்ட தோல் அப்படியே இருந்தது. அதற்குப் பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டிருந்தார். தன் பக்கத்து உறையை மட்டும் ஓட்டும்போது கழற்றுவார். அவள் ஏறுவது பின்னால். பின் சீட்டு அகலம், ராணி மாதிரி உட்காரலாம் என்பார். ராணிக்கு முன்னால் ஆளில்லாத ஓர் இருக்கை உறைக்குள் மினுமினுத்துக்கொண்டு வரும்.

சக்களத்தி என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் பலமுறை வந்திருக்கிறது. இரும்பைப் போய் யாராவது அப்படிச் சொல்வார்களா என்று விழுங்கிவிடுவாள்.

அப்போதுதான் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து அந்த அறிவிப்பு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு முதல் பதிவுப் புத்தகத்தைக் காட்ட வேண்டும். அதோடு, முதல் உரிமையாளர் தொடங்கி இன்றுவரை வண்டி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஆறு மாதம் தவணை. தவறினால் பதிவு ரத்து, வண்டி உடைப்புக் கிடங்குக்கு. மேஸ்திரியிடம் இருந்ததோ பிற்பாடு எடுத்த ஒரு நகல் புத்தகம், அதிலும் முதல் இரண்டு பக்கத்தைக் கரையான் படித்து முடித்திருந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்து போனார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆகாதவளே ஆனாலும் சாகக் கிடக்கிறாள் என்றால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு புது ஃபைலை எடுத்து, முகப்பில் ‘பொருள்: பச்சை நிறக் கார் – உரிமை வரலாறு – விவரம் வேண்டுதல்’ என்று எழுதி, முதல் கடிதத்துக்கு ஒன்று என்று எண் போட்டாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் கற்ற முறையே முறை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. ஸ்டூடியோக்காரருக்கு எழுதினாள். அவர் ஓட்டுநர் பள்ளி நடத்தியவரைக் காட்டினார். ஓட்டுநர் பள்ளிக்காரர், தன்னிடம் படித்த ஆயிரம் பேர் அந்தக் காரில்தான் கியர் போடக் கற்றார்கள் என்றும், அதன் கியர் பெட்டி இன்னும் உயிரோடு இருப்பது தனக்கே ஆச்சரியம் என்றும் பதில் போட்டு, மருந்துக்கடைக்காரரைக் காட்டினார். மருந்துக்கடைக்காரரின் மகன் ஒரு மருந்துச் சீட்டின் முதுகில் நாலு வரி எழுதியிருந்தார்: அப்பா இதை ஒரு மாட்டு டாக்டரிடம் வாங்கினார், அவர்தான் முதல் ஆள், முகவரி கீழே. இரண்டு மாதத்தில் எட்டுக் கடிதம். ஒவ்வொரு பதில் வரும்போதும் மேஸ்திரி, “அப்புறம்?” என்பார். அவர் கேட்கிற கதைக்கு அவள் கதை சொல்லி. அந்த இரண்டு மாதம் அவளுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் எண் கடிதம் மாட்டு டாக்டருக்குப் போனது. பதில் அவருடைய மகளிடமிருந்து வந்தது.

உறையைப் பிரித்தவுடன் அவளுக்கு முதலில் பிடிக்காமல் போனது மை. பச்சை மை. அலுவலகத்தில் பச்சை மையை மேலதிகாரிகள் மட்டும்தான் தொடுவார்கள். பொருள் இல்லை, பார்வை இல்லை. கடிதம் மூன்று பக்கம். அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம், அம்மா அதற்கும் முன்னால், அந்தப் பெரிய வீட்டில் இப்போது தான் ஒருத்திதான் என்று எழுதியிருந்தாள். கார் இன்னும் ஓடுகிறது என்பதை நம்பவே முடியவில்லையாம். கடைசியில் ஒரு கேள்வி: பின்பக்க இடது கதவை மூடினால், அரைத் தூக்கத்தில் இருக்கிறவர் பதில் சொல்கிற மாதிரி ‘ம்’ என்று ஒரு சத்தம் வருமே, இன்னும் வருகிறதா?

மேஸ்திரி எழுந்து வெளியே போனார். கொட்டகையில் கதவு மூடுகிற சத்தம் எட்டு முறை கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“சொல்லுது. ‘ம்’னுதான் சொல்லுது. மூணு வருஷமா எனக்குத் தோணவே இல்ல பாரேன்.”

அந்தக் கதவு அவள் ஏறி இறங்குகிற கதவு. அந்த ‘ம்’ மூன்று வருடமாக அவள் இடுப்புக்குப் பக்கத்தில்தான் கேட்டது. வீட்டில் அவள் எது சொன்னாலும் கிடைப்பது அந்த ஒரு ‘ம்’தான் என்பதால், கார் சொன்னால் என்ன, கட்டியவர் சொன்னால் என்ன என்று விட்டுவிட்டாள்.

அதுவரை இரண்டு வரிக்கு மேல் சொல்லத் தெரியாதவர், இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் உலாத்தி உலாத்திச் சொன்னார். அந்த மகளுடைய அப்பா பிடித்த ஸ்டியரிங்கை மாற்றவில்லை என்று எழுதச் சொன்னார். மழை நாளில் வைப்பர் எப்படி முனகும் என்று எழுதச் சொன்னார். இதெல்லாம் எந்தத் தலைப்பின்கீழ் வரும் என்று அவள் கேட்டாள். “தலைப்பு எதுக்கு? சும்மா எழுது,” என்றார். பத்தொன்பது வருட வேலையில் அவளிடம் யாரும் சும்மா எழுதச் சொன்னதில்லை. அவர் பத்து வரி சொன்னால் அவள் மூன்று வரி எழுதினாள். அந்த மூன்று வரிக்கே அங்கிருந்து நாலு பக்கம் வந்தது.

அப்பா பின் சீட்டில் கன்றுக்குட்டியை ஏற்றி வந்த கதை. மலையேற்றத்தில் கார் மூச்சு வாங்கினால் அப்பா விசிலடித்து உற்சாகப்படுத்தும் கதை. ஏழு வயதில் டாஷ்போர்டுக்கு அடியில் தான் ரகசியமாக ஒட்டிய வண்ணத்துப்பூச்சிப் படம். மேஸ்திரி டார்ச்சோடு மல்லாந்து படுத்துத் தேடினார். இருந்தது. அவளையும் கூப்பிட்டு, மண்டியிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தாள். பாதி உரிந்த இறக்கை. மிச்சத்தையும் நகத்தால் சுரண்டி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று மனசு தன்பாட்டில் கணக்குப் போட்டது.

தபால் வருகிற நேரத்துக்கு மேஸ்திரி தலைசீவ ஆரம்பித்தார். காரின் படம் ஒன்று கேட்டு எழுதியிருந்தாள் அந்த மகள். படம் எடுக்கிற அன்றைக்கு, காருக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவர் மீசைக்கு மை பூசிக்கொண்டு வந்தார். கார் மட்டும் போதாதா என்று அவள் கேட்டதற்கு, அளவு தெரிய வேண்டாமா, பக்கத்தில் ஓர் ஆள் நின்றால்தானே வண்டியின் உயரம் தெரியும் என்றார்.

கடிதத்தில் வந்த வருடங்களைக் கூட்டிக் கழித்து அவள் கணக்கெடுத்தாள். காரை விற்றபோது அந்த மகளுக்குப் பதின்மூன்று. அப்படியானால் இப்போது நாற்பத்தெட்டு. தன்னைவிட மூன்று வயது கூட. கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தது. பிறகு அதுவும் நிற்கவில்லை. காருக்கும்தான் அவரைவிட நாலு வயது கூட, அதனால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

பதின்மூன்றாம் எண்ணுக்கு வந்த பதில்தான் எரிகிற விறகில் எண்ணெய் ஊற்றியது. முதல் பதிவுப் புத்தகம் இதுவரை அகப்படவில்லை, இன்னும் இரண்டு அலமாரி பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டு, கிடைத்தால் தானே நேரில் கொண்டுவருவதாகவும், ஒருமுறை முன் சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஆசையாக இருப்பதாகவும் அந்த மகள் எழுதியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் காப்பியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். முன் சீட்டில் பிளாஸ்டிக் உறை இல்லை. மேஸ்திரி குந்தியிருந்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு, தோலை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கவரை எடுத்துட்டீங்க?”

“அவங்க வந்தா உக்காரணுமில்ல,” என்றார், திரும்பாமலே.

அவள் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வயிறு எரிகிறவளுக்குப் பசி தெரியுமா? தாளை எடுத்தாள். “அம்மையீர், பார்வையில் கண்ட தங்கள் கடிதம் கிடைத்தது. பொருளில் கண்ட வாகனம் வெளியூர் நபர் ஒருவருக்கு விற்கப்பட்டுவிட்டது. எனவே தாங்கள் புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. நேரில் வர வேண்டியதும் இல்லை. இனி இது தொடர்பாகக் கடிதப் போக்குவரத்து தேவைப்படாது.” எப்போதும் போல ‘கணவருக்காக’ என்று போட்டுக் கையெழுத்திட்டாள். திரும்பிப் படித்தாள். ஒரு பிழை இல்லை. பச்சை மைக்காரிக்கு இதைவிட மரியாதையாகக் கதவைச் சாத்த முடியாது.

அந்தத் திருப்தியில் கை தன் வழக்கப்படி வேலை செய்தது. மேல் மூலையில் பதினான்கு என்று எண். தேதி. அடியில் கார்பன். ஓரத்தில் இரண்டு துளை. அசல் தபால் பெட்டிக்குப் போனது. நகல் அன்றைக்கே வீட்டு ஃபைலில், பதின்மூன்றுக்கு அடுத்து, நூலில் கோர்த்தாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் உலகத்தில் உண்டு. மறைத்த பூசணிக்காய்க்கு எண் ஒட்டி வைத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் மேஸ்திரி வாசலில் நின்றார். இரண்டாம் வாரம் ஜன்னலில் நின்றார். மூன்றாம் வாரம் தலைசீவுவதை நிறுத்தினார். முன் சீட்டுக்குத் திரும்ப உறை ஏறியது. ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமா என்று ஒருநாள் கேட்டார். இல்லை, வேலையாக இருப்பார்கள் என்றாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் முதலில் இருந்தது. ஆனால் ஜெயித்தவள் வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை.

தவணை முடிகிற நாள் வந்தது. இருக்கிறதைக் காட்டிக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். காத்திருந்தபோது ஃபைல் மேஸ்திரியின் மடியில் இருந்தது.

ஆய்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஸ்டூடியோ, ஓட்டுநர் பள்ளி, மருந்துக்கடை. தன் வேலைக் காலத்தில் இப்படி ஒரு ஃபைலைப் பார்த்ததில்லை என்றார்.

மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாம் எங்க வீட்டுல எழுதினதுதான் சார். ஒரு தாள் விடமாட்டா. இவ ஒரு நம்பர் போட்டான்னா அது கல்லுல வெட்டின மாதிரி.”

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் இன்னொருவர் முன்னால் அவர் அவளைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அவள் குளிர்ந்துபோனாள். குளிர்ச்சி அடிவயிறு வரைக்கும் இறங்கியபோதுதான், அது வேறு குளிர்ச்சி என்று புரிந்தது. ஆய்வாளரின் விரல் பதினொன்றில் இருந்தது.

“சார், மீதி வெறும் விசாரிப்புதான். இவ்வளவு போதுமே,” என்றாள்.

“பாதியில நிறுத்துற பழக்கம் எனக்கில்லம்மா.” அவரும் அவள் ஜாதிதான், தாள் ஜாதி. பன்னிரண்டு. பதின்மூன்று. பிறகு விரல் நின்றது. கண்ணாடியைத் தூக்கி மூக்கில் வைத்தார். படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார்.

“வண்டிய வித்தாச்சுன்னு போட்டிருக்கே.”

மேஸ்திரி சிரித்தார். வேறு யாருடைய கடிதமாவது கலந்திருக்கும் என்றார். ஆய்வாளர் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

“பதினாலு. உங்களுக்காகக் கையெழுத்து. வித்துட்டீங்கன்னா நீங்க இங்க எதுக்கு வந்திருக்கீங்க? விக்கலைன்னா இது இங்க எதுக்கு வந்திருக்கு?”

மேஸ்திரி அவளைப் பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

“நான்தான் எழுதினேன்,” என்றாள். “இவருக்குத் தெரியாது. வண்டி விக்கலை.”

“ஏன் எழுதினீங்க?”

“சொந்த விஷயம் சார்.”

“ஃபைல்ல ஏறிட்டா சொந்த விஷயம் கிடையாதும்மா.” அவர் குரலில் கோபம் இல்லை. முறையை விளக்கினார். எழுத்தில் வந்ததை எழுத்தால்தான் நீக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம், அலுவலகத்துக்கு அதன் நகல். பதினான்காம் எண் பொய் என்று எழுதி, எதனால் எழுதினோம் என்ற காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் இல்லாத ரத்து செல்லாது. முதல் புத்தகம், அது கிடைக்கவே கிடைக்காவிட்டால் முதல் உரிமையாளரின் வாரிசு எழுதிய வாக்குமூலம், இரண்டில் ஒன்று மூன்று வாரத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றார்.

திரும்பும்போது அவள் பின்னால் உட்கார்ந்தாள். கதவு ‘ம்’ என்றது.  பாதி வழியில் அவர் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் கேட்டார்.

“அந்தம்மாகிட்ட நான் என்ன தப்பா கேட்டேன்?”

“நீங்க ஒண்ணும் கேக்கலைங்க. சிரிச்சீங்க.”

அவர் அதற்கு ‘ம்’கூடச் சொல்லவில்லை.

பதினைந்தாம் எண்ணை எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆனது. ‘காரணம்: கவனக்குறைவு’ என்று எழுதினாள். அந்த ஃபைலைப் பார்த்த யாரும் நம்ப மாட்டார்கள். ‘காரணம்: உடல்நலக் குறைவு’ என்று எழுதினாள். பொய்யை நீக்கப் போன இடத்தில் இன்னொரு பொய்யா என்று கிழித்தாள். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ‘காரணம்: பொறாமை’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். மறைக்காமல் மேஸ்திரியிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் உள்ளங்கையை ஓட்டினார். அந்த ஒரு சொல் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது.

“இவ்வளவு அழுத்தியா எழுதுவே,” என்றார். உறையைத் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

எட்டாம் நாள் பதில் வந்தது. அதே பச்சை மை. ஆனால் உறையின்மேல் இருந்தது அவள் பெயர். மேஸ்திரி வாங்கிப் பார்த்துவிட்டு, பிரிக்காமல் அவள் கையில் கொடுத்தார்.

“உங்கள் பதினைந்தாம் எண்ணைப் படித்தவுடன் கோபம்தான் வந்தது. கார் போய்விட்டது என்று நான் ஒரு வாரம் அழுதிருக்கிறேன். பிறகு சிரிப்பு வந்தது. பிறகு அம்மா ஞாபகம் வந்தது. அந்தக் காரை அம்மா சக்களத்தி என்றுதான் சொல்வாள். அப்பா அதில் போய் நிற்காத மாட்டுக் கொட்டில் கிடையாது, அம்மாவை ஏற்றிக்கொண்டு போனதோ வருடத்தில் ஒருநாள். வண்டி வாங்கிய மூன்றாம் வருடம் புத்தகம் காணாமல் போனது. அப்பா வீட்டையே கவிழ்த்துக் கொட்டித் தேடினாராம். அம்மாவும் கூடவே நின்று தேடினாளாம். இப்போது எனக்கு ஒரு சந்தேகம். நான் யார் மேலும் உங்களைப் போலப் பொறாமைப்பட்டதில்லை, அதற்கு வாய்ப்பும் கிடைக்கவில்லை. அதனால் தெரிந்தவரைக் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் எங்கே ஒளித்து வைத்திருப்பீர்கள்?”

சக்களத்தி என்ற சொல்லை அவள் நாலு தடவை படித்தாள். தான் வாய்விட்டுச் சொல்லாததை யாரோ முகம் தெரியாத ஒருத்தி ஐம்பது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து யோசித்தாள். மேஸ்திரி எதிரே உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்தப்படுவதைப் பார்க்கிற பையன் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார். அலமாரியில் வைக்க மாட்டாள், தேடுகிறவன் முதலில் திறப்பது அதைத்தான். அடுப்படியில் வைக்க மாட்டாள், கவிழ்த்துக் கொட்டும்போது அகப்பட்டிருக்கும்.

“கோவத்துல எரிச்சிருப்பாங்களோ?” என்றார் மேஸ்திரி.

“எரிச்சா அதோட முடிஞ்சுபோயிடுமே. அதுல என்ன சுகம்? தினமும் அவர் கண்ணு முன்னாலயே இருக்கணும். அவருக்குத் தெரியக் கூடாது.”

சொல்லி முடிக்கும்போதே அவள் கண் சுவரில் ஏறியது. அங்கே அவர்களுடைய கல்யாணப் படம் தொங்கியது. மேல் சட்டத்தில் விரலால் எழுதலாம் போலத் தூசி. மாட்டிய அன்றைக்கு அவர் நிமிர்ந்து பார்த்ததுதான், அதற்குப் பிறகு பார்த்தாரா? காரின் மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவர், தலைக்கு மேல் தொங்குவதை ஒருநாள் பார்த்தாரா?

பதினாறாம் எண் மூன்று வரிதான். “உங்கள் பெற்றோரின் கல்யாணப் படம் சுவரில் இருந்தால் இறக்கி, பின் அட்டையைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் அப்பா ஒருமுறையாவது நின்று பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் உங்கள் அம்மா அங்கே வைத்திருப்பார். அந்த நம்பிக்கை வீண்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.”

தவணைக்கு மூன்று நாள் இருக்கும்போது பதிவுத் தபாலில் பார்சல் வந்தது. உள்ளே கெட்டி அட்டைப் புத்தகம். நாலு பக்கமும் சட்டத்தின் ஆணித் துரு பிடித்திருந்தது. முதல் பக்கத்தில் மாட்டு டாக்டரின் பெயர், வண்டி இறங்கிய தேதி, என்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் நேற்று எழுதிய மாதிரி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: இருந்தது, நீங்கள் சொன்ன இடத்திலேயே, அம்மாவின் முகத்துக்கு நேர் பின்னால். மழைக்காலம் முடிந்ததும் வருகிறேன், உங்களைப் பார்க்க.

மேஸ்திரி புத்தகத்தைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவள் துண்டுச் சீட்டின் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களை என்றால் ஒருவரையா, இருவரையுமா? வரட்டும். வந்தால் அந்த அம்மாவுக்குப் பின் சீட்டு. அகலமாக, ராணி மாதிரி உட்காரலாம்.

பதிவு அலுவலகத்துக்குப் புறப்பட்ட அன்று அவள் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்தாள். மேஸ்திரி சுற்றி வந்து அதைச் சாத்தினார். ‘ம்’ என்றது. முன் கதவைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைச் சுருட்டிப் பின்னால் போட்டார். கதவைப் பிடித்தபடி நின்றார். அவள் ஏறினாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு ஸ்பிரிங் சுருக்கென்று குத்தியது. இதற்கா இத்தனை மாதம் வெந்தோம் என்று இருந்தது. ஆனாலும் வழி முழுக்க அவள் நகரவில்லை.

ஆய்வாளர், சேஸிஸின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சையும் புத்தகத்தையும் ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்து முத்திரை குத்தினார். பதினைந்தாம் எண்ணை ஃபைலில் கோர்க்கும்போது மட்டும் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, இந்த இருக்கையில் இருபது வருடமாக இருக்கிறேன், காரணத்தை உண்மையாக எழுதியவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரி புத்தகத்தை எங்கே வைக்கலாம் என்று கேட்டார். நான் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். மறுநாள் அவர் பட்டறைக்குப் போன பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

அதன்பிறகு அவர் இரண்டு முறை புத்தகம் எங்கே என்று கேட்டார். பத்திரமாக இருக்கிறது என்றாள். நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது.

பதினோராம் நாள் காலையில் மேஸ்திரி பட்டறைக்குக் கிளம்பி, செருப்பில் காலை விட்டவர், நின்றார். திரும்பி வந்தார். சுவருக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்தார். கை தானாக எழுந்து, தகட்டில் ஓடுகிற மாதிரியே படத்தின் ஓரத்தில் மெதுவாக ஓடியது.

“இங்க ஒரு புடைப்பு இருக்கே,” என்றார்.

அவள் அடுப்படி வாசலில் நின்றாள். அவர் பார்த்தது படத்தையா, புத்தகத்தையா என்று அந்த முதுகிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் படத்தை இறக்கவில்லை. கைக்குட்டையால் சட்டத்தின் தூசியைத் துடைத்தார். இன்னும் கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கினார்.

“ஏன், இதுல நீ கோவமாவா இருக்கே?”

“இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் இருக்கேன்,” என்றாள். “இப்பத்தான் தெரியுதா?”